கலைஞனின் கடன்காரர்கள்

“சேர், அந்த ஊசி இல்லாவிட்டால் இந்த வாசிப்பு வந்திருக்குமா?”

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், சுவருக்கு வெள்ளைச் சீலை கட்டி, பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து ஒரு திரைப்படம் பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் எழுந்த குரல் இது. கேட்டவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்தவர். இன்று ஓர் இசைக்குழுவிலே கிற்றார் வாசிக்கிறார். அவர் கேள்வியிற் குறும்பு இருக்கவில்லை. அறிய விரும்பியே கேட்டார். பாடசாலை வேலிக்கு வெளியே போதைப்பொருள் சின்னஞ்சிறு பொட்டலங்களாகக் கைமாறும் காலத்தில் நாம் ஆசிரியத் தொழில் பார்க்கிறோம். ஆகவே அக்கேள்வியை அழகியல் ஆராய்ச்சியென்று மட்டும் எடுத்துக்கொள்ள நம்மால் இயலவில்லை. அன்றிரவு ஏதோ ஒரு மறுமொழி சொன்னோம். அது நமக்கே திருப்தி தரவில்லை. ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழியாகவே அது இருந்தது. அதனைத் திருத்திச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

நாம் பார்த்த படம், கனடிய நெறியாளரான றொபேட் புட்றோ 2015ஆம் ஆண்டு எடுத்த ‘போர்ன் ரு பி புளூ’. துயரத்துக்கென்றே பிறந்தவன் என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். அமெரிக்க ஜாஸ் இசைஞரான செற் பேக்கரின் வாழ்க்கையில் ஒரு பகுதி அதன் கதை. ஹொலிவூட்டின் பெரிய படநிறுவனங்களின் உதவியின்றி, சிறிய செலவில், பெரும்பாலும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே எடுக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டெம்பரில் ரொறன்ரோத் திரைப்பட விழாவிலே முதன்முதலாகக் காட்டப்பட்டது. பேக்கராக நடித்தவர் ஈதன் ஹோக். பாடல்களை அவரே பாடினார். ட்ரம்பெற் ஓசையைக் கெவின் ரேகொற் என்ற கனடிய இசைஞர் திரைக்குப் பின்னின்று தந்தார். பெரிய நிறுவனம் எடுத்திருந்தால் கதாநாயகன் கடைசியிலே திருந்தியிருப்பான். அல்லது படம் பார்ப்போர் அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும் வகையில் இறந்திருப்பான். இப்படம் அவ்விரண்டையும் செய்யவில்லை. அதற்கு நாம் நன்றியுடையோம். எனினும் இப்படத்தோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு.

பேக்கரை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகளைக் கூறவேண்டும். 1929 டிசெம்பரில் ஒக்லகோமா மாநிலத்தின் யேல் என்னும் சிற்றூரிலே பிறந்தவர் அவர். தந்தை கிற்றார் வாசித்தவர். முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சி அவரை இசையை விட்டுக் கூலி வேலைக்குப் போகச் செய்தது. மகன் இராணுவ வாத்தியக்குழுக்களிற் பயின்று, 1952இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜெரி மலிகனின் நால்வர் குழுவிற் சேர்ந்தார். பியானோ இல்லாத அக்குழுவின் வாசிப்பு அன்று புதுமையாயிருந்தது. ஈராண்டு கழிந்து அவர் பாடவும் தொடங்கினார். அடங்கிய, ஏறக்குறைய பெண்மை தோய்ந்த குரல். அழகிய முகம் வேறு. விளம்பரக்காரர் விடுவார்களா? கறுப்பு மக்கள் ஆக்கி வளர்த்த ஓர் இசைக்கு வெள்ளைத்தோல் நாயகன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று சஞ்சிகைகள் அவரைக் கொண்டாடின. அக்காலத்திலேயே ஹெரோயின் அவரைப் பற்றிக்கொண்டது. 1960இல் இத்தாலியின் லூக்கா நகரிலே கைதாகி ஓராண்டுக்கு மேல் சிறையிருந்தார். மேற்கு ஜேர்மனியும் பிரித்தானியாவும் அவரை வெளியேற்றின. 1966இல் கலிபோர்னியாவிலே சிலர் அவரைத் தாக்கினர். அதில் அவருடைய வாய் காயமுற்றது. அச்சம்பவத்தை அவர் பலருக்குப் பலவிதமாகச் சொன்னார். முடிவு ஒன்றுதான்: பற்கள் போயின, பொய்ப்பல் கட்டவேண்டியதாயிற்று. 1973இல் நியூயோர்க்கிலே மீண்டும் மேடையேறினார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் அலைந்து வாசித்து, 1988 மே 13ஆம் திகதி அம்ஸ்ரடாமில் ஒரு விடுதி யன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அப்போது வயது ஐம்பத்தெட்டு. கடைசிக் காலப் படங்களிலே எண்பது வயதுக் கிழவரின் முகம் தெரிகிறது.

படம் லூக்காச் சிறையிலே தொடங்குகிறது. தரையிற் கிடக்கும் ட்ரம்பெற்றின் வாயிலிருந்து ஒரு பெருஞ் சிலந்தி ஊர்ந்து வெளிவருகிறது. சிறிது நேரத்தில், அது சிறையன்று, படப்பிடிப்பு என்று தெரிகிறது. பேக்கரின் கதையைப் பேக்கரையே நடிக்கவைத்து யாரோ படமாக்குகிறார்கள். இத்தாலியத் தயாரிப்பாளர் ஒருவர் உண்மையாகவே அப்படியொரு யோசனையை முன்வைத்ததுண்டு. ஆயின் புட்றோவின் கதையில் வரும் படப்பிடிப்பு கற்பனை. அதிலே பேக்கரின் மனைவியாக நடிக்க வரும் ஜேன் என்ற நடிகையும் கற்பனைப் பாத்திரமே. நான் சொல்வது முற்றும் நடந்ததல்ல என்று நெறியாளர் முதற் காட்சியிலேயே கையுயர்த்திச் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். கற்பனை செய்யும் உரிமை கலைஞனுக்கு உண்டு. எதைக் கற்பனை செய்தான், எதை விட்டான் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

படத்தின் நடுப்பகுதி மிகச் சிறந்தது. ட்ரம்பெற் வாசிப்பவனுக்குப் பல் என்பது முகத்துக்கு அழகு தரும் பொருளன்று, தொழிற்கருவி. வாத்தியத்தின் உலோகக் கிண்ணத்தை உதட்டில் அழுத்தும்போது அவ்வுதட்டுக்குப் பின்னின்று தாங்குவது முன்பல். உதட்டின் இறுக்கத்தை மயிரிழையளவு மாற்றுவதிலேதான் சுரம் ஏறுவதும் இறங்குவதும் உள்ளன. பல் போனவன் கை போன தச்சனுக்குச் சமன். பேக்கர் குளியற் தொட்டியிலே இருந்து வாத்தியத்தை வாயில் வைக்கிறார். சுரம் வரவில்லை, இரத்தம் வருகிறது. மீண்டும் வைக்கிறார். எரிபொருள் நிலையத்திலே வேலை செய்கிறார். உணவுக்கடையொன்றின் மூலையில், தின்பவர் எவரும் திரும்பிப் பாராத ஒரு சிறு குழுவோடு, தப்பும் தவறுமாக வாசிக்கிறார். ஒருகாலத்தில் சஞ்சிகையின் அட்டையில் வந்த மனிதர், ஆரம்ப மாணவனைப்போல ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருக்கிறார்! இக்காட்சிகளைப் பார்த்தபோது, தொழிலாளியின் உழைப்பைக் காட்டும் நல்ல படங்களைப் பார்க்கையில் எழும் மரியாதை நமக்கு எழுந்தது. இசையைத் தெய்வப் பிரசாதமாகக் காட்டும் படங்கள் ஆயிரம் உண்டு. அது வாயும் நுரையீரலும் விரலும் நாள்தோறும் செய்யும் வேலை என்று காட்டும் படங்கள் சிலவே.

இவ்விடத்தில் அந்த இளைஞரின் கேள்வி பிறந்த காட்சிக்கு வருவோம். நியூயோர்க்கிலே பேர்ட்லண்ட் என்னும் புகழ்பெற்ற அரங்கில் மீள்வருகை நிகழ்ச்சி. (உண்மையான பேர்ட்லண்ட் 1965இலேயே மூடப்பட்டுவிட்டது, இதுவும் கற்பனையே.) கேட்க வந்திருப்பவர்களில் டிசி கிலெஸ்பியும் மைல்ஸ் டேவிஸும் உள்ளனர். பல ஆண்டுகளுக்கு முன் இதே அரங்கில், கொஞ்சம் வாழ்ந்துவிட்டு வா என்ற கருத்துப்பட மைல்ஸ் தன்னிடம் கூறியது பேக்கரின் நெஞ்சிலே முள்ளாக இருக்கிறது. ஒப்பனையறையில் அவர் முன் இரண்டு பொருள்கள்: ஒன்று மெதடோன், மற்றது ஹெரோயின். ஹெரோயினை விட்டவனின் உடல் படும் வாதையைத் தணித்து அவனை மனிதரோடு மனிதனாக நடமாட வைக்கும் மருந்து மெதடோன். நியூயோர்க்கிலே 1964 முதல் வின்சன்ற் டோல், மரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் அந்தச் சிகிச்சையை வகுத்தனர். பேக்கரின் நண்பரான ஒலிப்பதிவாளர் அருகிலே நின்று மன்றாடுகிறார். பேக்கரோ, ஊசி தமக்குத் தன்னம்பிக்கை தருகிறதென்றும், ஒவ்வொரு சுரத்தின் உள்ளேயும் புகுந்து இருக்க இடம் தருகிறதென்றும் சொல்லுகிறார். நண்பர் வெளியேறுகிறார். அடுத்து மேடை. பேக்கர் பாடுகிறார். மிக அழகாகப் பாடுகிறார். கூட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஜேன், அவர் முகத்திலும் கையசைவிலும் விஷயத்தை உணர்ந்துகொண்டு எழுந்து போய்விடுகிறாள். சபை கைதட்டுகிறது. மைல்ஸ் டேவிஸும் தட்டுகிறார்.

காட்சியமைப்பின் திறமையை மறுப்பதற்கில்லை. ஆயின் அது சொல்வது என்ன? ஊசியைத் தேர்ந்தான், இசை வந்தது, அன்பு போயிற்று. அழகான தராசு! ஒரு தட்டில் கலை, மறு தட்டில் காதல். இவ்வாறு நிறுத்துக் காட்டியதும், அந்த ஊசி கலையின் தட்டிலே தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நமது கிற்றார் இளைஞர் கண்டது அதைத்தான். அவரிற் பிழையில்லை.

பேக்கர் ஒப்பனையறையிற் சொன்னதைச் சற்று நின்று கேட்போம். ஊசி எனக்குச் சுரம் தருகிறது என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கை தருகிறது என்கிறார். அதாவது அச்சத்தை எடுக்கிறது. ஹெரோயின் உடலிலே செய்யும் வேலை அடிப்படையில் அதுதான்: நோவை மழுப்பும், பதற்றத்தை அமர்த்தும். சில காலம் செல்ல அதையும் செய்யாது; போடாவிட்டால் வரும் வாதையைத் தடுப்பதற்காகவே போடவேண்டியதாகிவிடும். பேர்ட்லண்ட் மேடையிலே பாடிய வாயைத் திரும்பப் பண்படுத்தியது குளியற் தொட்டியிலே இரத்தம் துப்பிய பயிற்சி. படம் ஒரு மணி நேரம் நமக்குக் காட்டிய அந்த உழைப்பின் கூலியை, கடைசிப் பத்து நிமிடத்தில் ஊசியின் கணக்கிலே வரவு வைத்துவிட்டது. நமது முதல் வழக்கு இது. உழைத்தவன் ஒருவன், ஊதியம் பெறுபவன் வேறொருவன் என்ற நிலையைத் தொழிற்சாலையிற் கண்டாற் கொதிக்கும் நாம், திரையிற் கண்டாற் சும்மா இருப்பது எப்படி?

ஜாஸ் உலகத்திலேயே இக்கேள்வி நன்றாகக் கேட்கப்பட்டு, கடும் விலை கொடுத்து மறுமொழியும் பெறப்பட்டது. நாற்பதுகளின் பிற்பகுதியில் சார்லி பார்க்கரின் அல்ற்றோ சாக்சபோன் வாசிப்பு ஒரு தலைமுறையையே ஆட்டிப் படைத்தது. பார்க்கர் ஹெரோயினுக்கு அடிமை என்பது யாவரும் அறிந்தது. அவரைப்போல வாசிக்கவேண்டுமென்றால் அவர் போடுவதைப் போடவேண்டும் என்று எத்தனையோ இளைஞர் நம்பினர். பார்க்கரோ 1949இலேயே ஒரு பத்திரிகைப் பேட்டியில், போதையில் தான் மேலும் நன்றாக வாசிப்பதாகச் சொல்லும் எந்த இசைஞனும் பொய்யன் என்று வெட்டொன்று துண்டிரண்டாகக் கூறிவிட்டார். கேட்டவர் குறைவு. சொன்னவரே தம் சொற்படி நடக்க இயலாதவராயிருந்தால் யார் கேட்பார்? 1955 மார்ச்சில் அவர் இறந்தபோது வயது முப்பத்துநான்கு. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றே எண்ணினார்.

அவரைப் பின்பற்றிய இளைஞருள் ஒருவர் சொனி றொலின்ஸ். 1953 ஜனவரியில் ஓர் ஒலிப்பதிவின்போது, இப்போது நான் அதைத் தொடுவதில்லை என்று பார்க்கரிடம் சொன்னாராம். பார்க்கரின் முகம் மலர்ந்தது. பின் வேறொருவர் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட, அந்த முகம் வாடியது. அந்த வாட்டத்தைக் கண்ட கணத்திலேயே விட்டுவிடத் தீர்மானித்ததாக றொலின்ஸ் பிற்காலத்திற் கூறியிருக்கிறார். 1955இல் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரனில் போதை அடிமைகளுக்கென அரசு நடத்திய வைத்தியசாலையிற் போய்ச் சேர்ந்தார். வெளியே வந்து, விட்டுவிட்டேன் என்று குருவிடம் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. அதற்கிடையில் குரு போய்விட்டார். அடுத்த ஆண்டு, 1956இல், றொலின்ஸ் ஒலிப்பதிவு செய்த ‘சாக்சபோன் கொலோசஸ்’ இன்றும் ஜாஸின் தலைசிறந்த இசைத்தட்டுகளுள் வைத்து எண்ணப்படுகிறது. ஜோன் கொல்றேனும் இப்பழக்கத்தாலே மைல்ஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர், 1957இல் விட்டொழித்தார். அவரை உலகம் எதற்காக நினைவிலே வைத்திருக்கிறதோ அவற்றிற் பெரும்பகுதி அதற்குப் பின் வந்தவை. இவர்களைப் பற்றி ஏன் இத்தகைய படம் வருவதில்லை? விடுபவனின் கதையிலே புகையும் இருளும் குறைவு. காமராவுக்கு வேலை குறைவு என்று சொல்வார்கள் போலும்.

இதனால், போதைக்கும் பேக்கரின் இசைக்கும் தொடர்பேயில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஒரு மனிதனின் நரம்பிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கலந்த ஒன்று அவன் மூச்சிற் படியாதிருக்குமா? அவருடைய பிற்கால வாசிப்பின் தளர்ந்த மெதுநடையைக் கேட்கும்போது நாமும் உருகியிருக்கிறோம். அந்த மெதுநடையில் எவ்வளவு ஞானம், எவ்வளவு நோய் என்று பிரித்து நிறுக்கும் தராசு எவரிடமும் இல்லை. ஆகையால், ஊசி இல்லாவிட்டால் இந்த இசை வந்திருக்குமா என்ற கேள்விக்கு முடிந்த முடிபாக மறுமொழி சொல்லவே முடியாது. மறுமொழி சொல்லமுடியாத கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பதிலே ஒரு வசதியுண்டு. சொல்லக்கூடிய மறுமொழியுள்ள வேறொரு கேள்வியை அது மறைத்துவிடும். இந்த வாசிப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே அக்கேள்வி.

படத்திலே விலை கொடுப்பவள் ஜேன். அவளைப் படைக்க நெறியாளர் பல பெண்களை ஒன்றாக உருக்கியிருக்கிறார். உண்மையிலோ, 1966இல் பேக்கருக்கு மனைவி இருந்தார், குழந்தைகளும் இருந்தனர். அம்மனைவிக்குப் பிறந்த பிள்ளைகள் மூவர். பற்கள் இழந்து, வாத்தியத்தைத் தூக்கவியலாது, உதவிப் பணத்திலும் சில்லறை வேலைகளிலும் காலம் தள்ளிய அந்த ஆண்டுகளில் அவ்வீட்டிலே பால்மா வாங்கவேண்டியிருந்தது. படத்தில் அவ்வீடு இல்லை. கடற்கரையில் நிறுத்திய வண்டியிலே ஒரு காதற் சோடி இருக்கிறது. ஜேன் எழுந்து போகலாம்; ஒரு முறை எழுந்து போனால் அவளுடைய கதை முடிந்தது; அவள் கண்ணீரும் பாட்டின் அழகோடு சேர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் எழுந்து போவதெங்கே? கலைக்காகக் காதலை இழந்தான் என்று சொன்னால் அதிலே ஒரு காவியத்தன்மை உண்டு. கலைக்காகப் பிள்ளையின் பாலை இழந்தான் என்று சொல்லிப் பாருங்கள், நா கூசும். அந்தக் கூச்சத்தைத் தவிர்ப்பதற்காகவே ஜேன் படைக்கப்பட்டாள் என்று நாம் ஐயுறுகிறோம். இது நமது இரண்டாவது வழக்கு; முதலாவதிலும் பெரியது.

புரூஸ் வெபர் என்ற புகைப்படக் கலைஞர் பேக்கரைப் பற்றி எடுத்த ‘லெற்ஸ் கெற் லொஸ்ற்’ என்ற ஆவணப்படம் 1988இல், அவர் இறந்த சில மாதங்களில் வெளிவந்தது. அதிலும் அழகு மோகம் மிதமிஞ்சியே உண்டு. ஆனால் அங்கே கடன்காரர்கள் நேரிலே வந்து சாட்சி சொல்லுகிறார்கள்: மனைவி, பிள்ளைகள், ஒருவரையொருவர் வெறுக்கும் காதலிகள், தாய். மகனாக அவர் உங்களை ஏமாற்றினாரா என்ற கருத்திலே தாயிடம் கேட்கப்படுகிறது. அந்த முதிய மாது ஆமென்கிறாள். அதைப்பற்றி மேலே பேச வேண்டாமென்கிறாள். அவ்வளவே. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் எத்தனையோ கேடுகளைச் சொல்லியிருக்க, தாயின் முகத்தை ஏன் இடையிலே கொண்டுவந்து நிறுத்தினார் என்று வகுப்பிலே பலமுறை விளக்கியிருக்கிறோம். அந்த மாதின் முகத்தைக் கண்ட பிறகே நமக்கு அது விளங்கியது.

இங்கே தோழர்கள் சிலர் இடைமறிப்பார்கள். தனிமனிதனைக் கூண்டிலேற்றுவது எளிது. அவனை அவ்விதமாக்கிய சமுதாயத்தை ஏன் மறந்தீர்கள் என்பார்கள். மறக்கவில்லை. நியூயோர்க் நகரிலே 1940 முதல் 1967 வரை ஒரு விதி இருந்தது. மது விற்கும் அரங்குகளில் இசைப்பவர் ஒவ்வொருவரும் பொலிசாரிடம் விரலடையாளம் கொடுத்து ஓர் அனுமதி அட்டை பெறவேண்டும். போதைப்பொருட் குற்றம் ஏதும் ஏற்பட்டால் அட்டை பறிபோகும். பில்லி ஹொலிடே 1947இல் தண்டிக்கப்பட்டபின் அவ்வரங்குகளிற் பாடும் உரிமையை இழந்தார். தெலோனியஸ் மொங் 1951 முதல் ஆறாண்டுகள் தம் சொந்த நகரத்து அரங்குகளில் வாசிக்க முடியாது முடங்கினார். நோயாளியின் பிழைப்பைப் பறித்தால் நோய் தீருமா? 1959இல் ஹொலிடே நாற்பத்துநான்கு வயதில் வைத்தியசாலைக் கட்டிலிலே இறந்துகொண்டிருந்தபோது, அக்கட்டிலிலேயே அவரைக் கைது செய்து அறை வாயிலிற் பொலிசாரை நிறுத்தினார்கள். அவர் கறுப்புப் பெண். பேக்கரும் சிறை கண்டவரே. எனினும் அவர் வீழ்ச்சியிற் சஞ்சிகைகளும் படக்காரரும் ஒரு காவியத்தைக் கண்டார்கள். ஒரே நஞ்சு ஒருவர் முகத்திலே குற்றமாகவும் இன்னொருவர் முகத்திலே சோகக் கவிதையாகவும் தோன்றுவதற்கு நிறமும் ஒரு காரணமென்று சொல்லாமல் இருக்கமுடியாது.

இவ்வளவும் உண்மை. ஆயினும் சமுதாயம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவதும் ஒருவகை நழுவல்தான். பொலிசும் விதியும் முதலாளியும் சமுதாயத்திலே அடக்கமென்றால், முன்வரிசையிலிருந்து கைதட்டுபவனும் அடக்கம்.

நமது ஊரிலே ஒரு தவில் வித்துவான் இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு, போர் ஓய்ந்திருந்த நாள்களில், கோயில் திருவிழாக்கள் மீண்டும் களைகட்டின. இரவு மேளச்சமா. நாம் அப்போது பாடசாலை மாணவர். வீதியிலே சாக்கு விரித்து விடியுமட்டும் கேட்போம். நள்ளிரவில் அவர் மண்டபத்துக்குப் பின்னாற் போய்வருவார். வந்தபின் அவர் கையிலே இடி பிறக்கும். “அண்ணருக்கு அரைப்போத்தல் உள்ளே போனால்தான் தவில் பேசும்” என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். அந்தப் போத்தலை வாங்கி வைப்பவர்களும் அவர்களே. சமா நன்றாயிருக்கவேண்டும் அல்லவா? அவருடைய மனைவி எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, அம்மாவிடம் மெதுவாக அரிசி கேட்டதை நாம் இரண்டு முறை கண்டிருக்கிறோம். அடுத்த திருவிழாவிலும் சாக்கு விரித்தோம். நள்ளிரவில் அவர் பின்னாற் போனபோது, இனித்தான் சமா என்று நாமும் பக்கத்திலிருந்தவனைத் தட்டி எழுப்பினோம். நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு அவர் இறந்தார். சவ ஊர்வலத்திலே அவரைப்போல் இனியொருவர் இல்லையென்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான்.

சங்கப் பாடல்களைப் படித்தவர்கள் ஒன்று கவனித்திருப்பார்கள். பாணனும் புலவனும் கள்ளும் தேறலும் உண்ணும் செய்தி அங்கே நிறைய உண்டு. அதை வார்த்துக்கொடுப்பவன் பெரும்பாலும் பாடலைக் கேட்டு மகிழ்ந்த புரவலனே. ஈராயிரம் ஆண்டு கழிந்தும் போத்தல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கலைஞனுக்குத் துன்பம் வேண்டும், அழிவு வேண்டும், அப்போதுதான் உண்மையான கலை பிறக்கும் என்ற கொள்கையை வகுத்தவர்கள் கலைஞர்களா என்பதே நமது சந்தேகம். எரிகின்ற வீட்டின் வெளிச்சத்திலே புத்தகம் படிக்கிறவன் வகுத்த கொள்கை போலவே அது தோன்றுகிறது. அக்கொள்கையைக் கலைஞனும் நம்பத் தொடங்கும்போது, அவன் தன் அடிமைத்தனத்துக்குத் தியாகம் என்று பெயர் வைக்கிறான். ஆனால் தியாகம் செய்பவன் தன்னுடையதைக் கொடுப்பவன். பேக்கர் கொடுத்ததிற் பெரும்பகுதி மற்றவர்களுடையது: மனைவியின் ஆண்டுகள், பிள்ளைகளின் தகப்பன், தாயின் மகன். எங்கள் தவில் வித்துவான் கொடுத்ததில் எங்கள் வீட்டு அரிசியும் சேர்ந்திருந்தது.

பேக்கரை வெறுக்கும்படி நாம் எவரையும் கேட்கவில்லை. போதைக்கு அடிமைப்பட்டவன் நோயாளி. நோயாளியைச் சிறையிலடைக்கவும் கூடாது, சிலையாக்கவும் கூடாது. அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கியெறியுங்கள் என்றும் சொல்லமாட்டோம், நாமே எறியப்போவதில்லை. கடன்பட்டுக் கட்டிய கோயிலானாலும் கோயில் கோயில்தான். ஆனால் உள்ளே நின்று கும்பிடும்போது, கடன் கொடுத்துக் கெட்டவர்கள் வெளியே வீதியில் நிற்பதை அறிந்து கும்பிடவேண்டும். புட்றோவின் படம் உள்வீதியை மிக அழகாகக் காட்டியது. வெளிவீதிக்கு ஒரேயொரு பெண்ணை, அதுவும் கற்பனைப் பெண்ணை, ஒரு நிமிடம் அனுப்பிவைத்தது.

இவற்றையெல்லாம் அந்த இளைஞருக்கு அன்று சொல்லியிருக்கவேண்டும். நாம் சொன்னதோ, போதை உடலைக் கெடுக்கும் தம்பி, ஒழுங்கான பயிற்சிதான் முக்கியம் என்பது மட்டுமே. அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார். பிறகு வீட்டுக்காரரிடம், அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் இன்னொருமுறை போடமுடியுமா என்று கேட்டார். போட்டார்கள். சீலையிலே பேக்கர் மீண்டும் கண்ணை மூடிப் பாடினார்; ஜேன் மீண்டும் எழுந்து போனாள். புறப்படுவதற்காகச் செருப்பை மாட்டியிருந்த நாம், அதைக் கழற்றிவிட்டு வந்து, முடியுமட்டும் இருந்து கேட்டோம்.